தலைப்பிடி மல்லர் கஷாபா ஜாதவ்

வடபுலத்தில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், கிரிக்கெட்டு ஆட்டக்காரர் பதினொருவர் பெயரையும் ஒரே மூச்சில் ஒப்பிக்கும் சிறுவர்கள் பலர் உளர். அச்சிறுவர்களையே அருகழைத்து, விடுதலை பெற்ற பாரதத்திற்கு ஒலிம்பிக் பந்தயத்தில் தனியொருவராய் நின்று முதன்முதலில் பதக்கம் ஈட்டித் தந்தவர் யாவர் என்று வினவினால் விடை எளிதிற் கிடைப்பதில்லை. பெற்றோரிடம் வினவினும் நிலைமை பெரிதும் வேறுபடுவதில்லை. இம்மலரில் அவரைப் பற்றி எழுத நாம் முற்பட்டமைக்கு இதுவே காரணம். அவர் பெயர் கஷாபா தாதாசாகேப் ஜாதவ். அவர் கற்ற கலை குஸ்தி. அக்கலையில் அவருக்குப் புகழ் தந்தது தலையைப் பற்றும் பிடி ஒன்று.

1926ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 15ஆம் நாள், மராட்டிய நாட்டின் சதாரா மாவட்டத்தில், கராட் நகரை அடுத்த கோலேஷ்வர் என்னும் சிற்றூரில் ஜாதவ் பிறந்தார். கிருஷ்ணையும் கொய்னாவும் கூடுமிடம் கராட். (அந்தக் கிருஷ்ணையின் நீர் நெடுந்தூரம் ஓடிப் பின் கால்வாய் வழியே சென்னைக் குடிநீர்க் குழாய்களையும் அடைகிறது என்பதை நம்மவர் நினைவிற் கொள்ளலாம்.) தந்தை தாதாசாகேப்பும் ஒரு மல்லரே. ஐந்து புதல்வருள் கடைக்குட்டியான கஷாபாவுக்கு ஐந்து வயதிலேயே பயிற்சி தொடங்கியது என்பர். எட்டு வயதில், அவ்வட்டாரத்தில் பெயர் பெற்றிருந்த ஒருவரை இரண்டொரு நிமிடங்களில் மண்ணில் சாய்த்தார் என்றும் அவ்வூரார் பெருமையுடன் கூறுவர்.

அந்நாட்களில் அப்பகுதியில் குஸ்தி என்பது வெறும் விளையாட்டன்று. ஊர்த் திருவிழாவின் உயிர்நாடி அது. கராட்டிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோல்ஹாபூர் இக்கலைக்குத் தலைநகர் போன்றது. 1894 முதல் 1922 வரை அங்கு அரசு செலுத்திய சாகு மகாராஜா மல்லர்களைப் போற்றிப் புரந்தவர். பல்லாயிரவர் அமர்ந்து காணத்தக்க காஸ்பாக் கோதாவை எழுப்பியவரும் அவரே. சலித்த செம்மண்ணில் எண்ணெய், மோர், மஞ்சள் முதலியவற்றைக் கலந்து பதப்படுத்திய குழியே அங்கு மல்லர்களின் களம். விடியுமுன் எழுந்து தண்டாலும் பஸ்கியும் எடுத்து, அம்மண்ணைக் கொத்திப் புரட்டிய பின்னரே மாணாக்கன் ஒருவன் மற்றொருவன்மீது கை வைக்கலாம். இத்தகைய மண்ணில் வளர்ந்தவர் ஜாதவ்.

கராட் திலகர் உயர்நிலைப் பள்ளியில் அவர் பயின்ற காலம் நாடு கொந்தளித்த காலம். 1942இல் வெள்ளையனே வெளியேறு இயக்கம் எழுந்தபோது, தலைமறைவாக இருந்த வீரர்களுக்குப் புகலிடம் அளிப்பதிலும் அவர்களுடைய மடல்களைக் கைமாற்றுவதிலும் அவ்விளைஞர் பங்கு கொண்டார். பள்ளிக்குப் பின்னர் கோல்ஹாபூர் இராஜாராம் கல்லூரியில் சேர்ந்தார். பாபுராவ் பலாவடே, பேலாபுரி குருஜி ஆகியோர் அவருக்குக் குஸ்தி கற்பித்த ஆசான்கள்.

உயரம் ஏறத்தாழ ஐந்தரை அடி. எடை ஐம்பதைச் சிறிதே தாண்டிய கிலோகிராம். பயில்வான் என்றதும் குன்று போன்ற தோளும் குடம் போன்ற வயிறும் நம் மனக்கண்முன் தோன்றுமாயின், அவ்வுருவத்தை இங்கு மறந்துவிட வேண்டும். சிற்றுடல் படைத்த ஒருவர் எதனை நம்பிக் கோதாவில் இறங்குவது? பாரத்தால் வெல்ல முடியாதவர் பிடியின் நுட்பத்தால் வெல்ல வேண்டும். ஜாதவ் தேர்ந்துகொண்ட நுட்பம் மராட்டியர் 'டாக்' என வழங்கும் எறிபிடி. எதிராளியின் கழுத்தைக் கையால் வளைத்துப் பூட்டி, அவன் கை ஒன்றையும் இறுகப் பற்றி, மின்னல் வேகத்தில் இடுப்பைத் திருப்பி உட்செலுத்தி, அவனைத் தன் இடுப்பின்மேலாக ஏற்றி மல்லாக்க வீழ்த்துவது அது. மல்லாந்து விழுந்தவனின் இரு தோள்களும் தரையிற் படிந்தால் ஆட்டம் முடிந்தது.

தலையைப் பற்றுதலின் பயனை நம் வாசகர்க்குச் சற்று விளக்குதல் நன்று. காளையை அடக்குவோர் அதன் வாலை நாடுவதில்லை. தலை சென்ற வழியே உடல் செல்லும் என்பது மனிதனுக்கும் பொருந்தும். குஸ்தியில் எதிராளி பெரும்பாலும் நம் கால்களை நாடிக் குனிந்து பாய்வான். அவ்வாறு பாயும் கணத்தில் அவன் தலை நம் மார்புக்கு நேரே வந்து நிற்கும். தேர்ந்த மல்லன் அக்கணத்தில் தன் கால்களைப் பின்னே எறிந்து, மார்பின் முழுப் பாரத்தையும் அவன் பிடரியின்மேல் இறக்குவான். ஒரு கை தாடையின் கீழே சென்று வளைக்கும். மற்றொரு கை அவனுடைய மேற்கையை அக்குளை ஒட்டி இறுக்கும். பின் இரு கைகளும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். இதுவே முன்னின்று பற்றும் தலைப்பிடி.

காண்போர் கண்ணுக்கு இருவரும் அசைவற்றுக் கிடப்பதாகவே தோன்றும். ஆட்டம் சுவையற்றுப் போயிற்று என்று சிலர் கடலை கொறிக்கத் தொடங்குவர். உள்ளே நிகழ்வது வேறு. கீழே அகப்பட்டவன் தன் எடையோடு பிறன் எடையையும் கழுத்தில் சுமக்கிறான். எழ முயன்றால் பாரம் அழுத்துகிறது. முன்னே உந்தினால், உந்திய வேகத்தையே பயன்படுத்தி மேலுள்ளவன் அவனைக் குப்புற இழுத்துவிடுகிறான். சலித்துப்போய்க் கையை ஊன்றினாலோ, மேலுள்ளவன் சட்டென்று சுழன்று முதுகுப்புறம் சென்று இடுப்பைக் கட்டிவிடுகிறான். தலையை நிமிர்த்தினால் பக்கவாட்டில் நுழைந்து, மேலே கூறிய டாக் எறியை விடுக்க வழி பிறக்கிறது. ஆகவே இப்பிடியில் பற்றியவன் அவசரப்படலாகாது. அகப்பட்டவனே அடுத்த தவற்றைச் செய்யும்வரை பாரத்தை வைத்துக் காத்திருக்க வேண்டும். கையின் வலிமையைவிட நெஞ்சின் பொறுமையே இங்குப் பெரிது. தலையை மட்டும் தனியே இரு கைகளாலும் நெரிப்பதை இன்றைய பன்னாட்டு விதிகள் தடுக்கின்றன. எதிராளியின் கை ஒன்றையும் சேர்த்தே கட்டுதல் வேண்டும். நம் குடியிருப்புப் பிள்ளைகள் இதனைப் படித்துவிட்டுத் தம்பிமார் கழுத்தில் சோதனை செய்யாதிருப்பார்களாக!

1948இல் இலண்டன் ஒலிம்பிக்கிற்கு ஜாதவ் தேர்வு பெற்றார். பயணச் செலவைக் கோல்ஹாபூர் மகாராஜா ஏற்றார். 52 கிலோ எடைப் பிரிவில் ஆஸ்திரேலியர் ஒருவரையும் அமெரிக்கர் ஒருவரையும் வென்று, ஈரானிய வீரரிடம் தோற்று, 6ஆம் இடம் பெற்றார். அவர் அதுவரை மெத்தையின்மீது குஸ்தி செய்து பழகியவர் அல்லர் என்பதை எண்ணினால், அந்த ஆறாம் இடமே பெருவியப்பு.

மண்ணுக்கும் மெத்தைக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. பதப்படுத்திய மண்ணில் கால் சற்றே புதையும், ஊன்றி நிற்கலாம், வியர்த்த உடலில் மண்ணைப் பூசிக்கொண்டால் பிடி வழுக்காது. பெரும்பாலும் ஒருவர் மல்லாந்து விழும்வரை ஆட்டம் நடக்கும். மெத்தையிலோ கால் புதைவதில்லை, உடல் வழுக்கும், எதிராளி கணத்திற் சுழன்று தப்பிவிடுவான். கடிகாரம் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். வீழ்ச்சி இன்றியே நேரம் முடிந்தால் நடுவர்கள் தத்தம் தீர்ப்பை அளிப்பர். மண்ணில் ஒருமுறை பற்றிய தலையை விடாது அழுத்தி வெல்லும் மல்லன், மெத்தையில் அதே தலையைப் பற்றும்போது ஒரு நொடி தாமதித்தால் வெறுங்காற்றையே தழுவுவான்.

இலண்டன் பந்தயத்தை ஒட்டி ஜாதவுக்குப் பயிற்சி அளித்தவர் ரீஸ் கார்ட்னர் என்னும் வெளிநாட்டவர். தம் மாணவர் பிறந்த மண்ணில் கற்ற தலைப்பிடியை அவர் மாற்ற முற்படவில்லை. அதே பிடியை மெத்தைக்கு ஏற்பத் தீட்டித் தந்தார். நல்லாசிரியர்க்கு அடையாளம் இதுவென நாம் கருதுகிறோம். ஊர் திரும்பிய ஜாதவ் அடுத்த நான்காண்டுகளையும் இதற்கே செலவிட்டார். எடையையும் ஏற்றி, 57 கிலோ பிரிவுக்கு உயர்ந்தார்.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிற்கு வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வேளை வந்தது. தமிழராகிய நாம் சற்றுக் கூர்ந்து நோக்க வேண்டிய இடம் இது. ஏனெனில் இடர் நேர்ந்தது நம் சென்னைப் பட்டினத்தில். அங்கு நடைபெற்ற தேசியப் போட்டியில் தமக்கு வேண்டுமென்றே ஒரு புள்ளி குறைத்து அளிக்கப்பட்டதாக ஜாதவ் கருதினார். அந்த ஒரு புள்ளியால் ஒலிம்பிக் வாயில் அடைபட்டது. அவர் அத்துடன் அடங்கிவிடவில்லை. இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவராக இருந்த பாட்டியாலா மகாராஜாவிடம் முறையிட்டார். விளையாட்டில் பற்று மிக்க அம்மன்னர் மறுபோட்டிக்கு வழி செய்தார். தேசிய அளவில் பெயர் பெற்ற நிரஞ்சன் தாஸை அதில் வீழ்த்தித் தம் உரிமையை ஜாதவ் நிலைநாட்டினார். சென்னையில் புள்ளி குறித்த நடுவர்கள் நேர்மையுடன் குறித்தனரா, பிறழ்ந்தனரா என்று இன்று நாம் தீர்ப்புக் கூறுவது பொருந்தாது. மறுபோட்டியின் முடிவு மட்டும் ஐயத்திற்கு இடமின்றி வெளிப்பட்டது.

தேர்வு பெற்றாயிற்று, போவதற்குப் பணம்? விடுதலை பெற்று ஐந்தாண்டே ஆன நாடு. வீரர் தாமே செலவைத் திரட்ட வேண்டிய காலம் அது. ஜாதவின் குடும்பத்தார் கோலேஷ்வரிலும் சுற்றூர்களிலும் வீடு வீடாகச் சென்று கை ஏந்தினர். சிலர் காசு தந்தனர். சிலர் இயன்றதைத் தந்தனர். பம்பாய் அரசு 4,000 ரூபாய் அளித்தது. அதுவும் போதவில்லை. அப்போது இராஜாராம் கல்லூரியின் முன்னாள் முதல்வர் கர்டேகர், தாம் குடியிருந்த வீட்டை அடகு வைத்து 7,000 ரூபாய் பெற்றுத் தம் பழைய மாணவர் கையில் கொடுத்தார். அந்நாளில் 7,000 ரூபாய் என்பது ஒரு நடுத்தரக் குடும்பம் சில ஆண்டுகள் கவலையின்றி உண்ணத்தக்க தொகை. மகளின் திருமணத்திற்கே வீட்டை அடகு வைக்கத் தயங்கும் நம்மவர்க்கு, பழைய மாணவன் ஒருவன் மல்லுக்கட்டுவதற்காக அதனை வைத்தவரின் மனம் எத்தகையது என்பதை எழுதிக் காட்டுதல் அரிது.

ஹெல்சிங்கியில் முதலில் கனடா நாட்டு வீரர் போலிக்கின் எதிர்ப்பட்டார். அப்போட்டி 14 நிமிடங்களுக்கு மேல் நீண்டது. நேரம் முடியும் தறுவாயில் ஜாதவ் அவரை மல்லாத்தித் தோள்களைப் படிய வைத்தார். அடுத்து வந்த மெக்சிகோ வீரர் பசுர்தோ ஏறத்தாழ 5 நிமிடங்களிலேயே வீழ்ந்தார். செருமானிய வீரர் ஷ்மிட்ஸ் விழவில்லை. எனினும் மூன்று நடுவருள் இருவர் ஜாதவின் பக்கம் தீர்ப்பளித்தனர்.

எஞ்சியவர் இருவர். ஒருவர் சப்பானின் ஷோஹாச்சி இஷி. ஜூடோக் கலையிலிருந்து குஸ்திக்கு வந்தவர். மற்றவர் சோவியத் நாட்டின் ரஷீத் மம்மத்பெகோவ். இஷியுடன் நிகழ்ந்த போட்டி நெடுநேரம் நீண்டு ஜாதவின் உடலை வாட்டிற்று. இருவேறு போட்டிகளுக்கிடையே குறைந்தது அரைமணி நேர ஓய்வு அளிக்கப்பட வேண்டும் என்பது விதி. அவ்வோய்வு ஜாதவுக்குக் கிட்டவில்லை என்பதும், விதியை எடுத்துக்காட்டி வாதாட இந்திய அதிகாரி எவரும் அவ்வேளை களத்தருகே இல்லை என்பதும் பின்னர்ப் பலரும் எடுத்துக் கூறிய செய்தி. மொழி தெரியாத நாட்டில், களைத்த உடலோடு, தமக்காகப் பேச ஒருவருமின்றி அவர் மெத்தை ஏறினார். இருவரிடமும் தோல்வி. இஷிக்குப் பொன், மம்மத்பெகோவுக்கு வெள்ளி, ஜாதவுக்கு வெண்கலம். அவ்வொலிம்பிக்கில் சப்பான் பெற்ற ஒரே பொற்பதக்கம் இஷியுடையது என்றால், நம்மவர் எத்தகைய வீரரோடு பொருதினார் என்பது விளங்கும்.

அரைமணி ஓய்வு கிடைத்திருந்தால் வெள்ளியோ பொன்னோ வந்திருக்கும் என்று உறுதி கூற நாம் துணியோம். ஆனால் தலைப்பிடியை நம்பிய மல்லனுக்கு ஓய்வு பிறரினும் இன்றியமையாதது என்பதை மட்டும் குறிப்பிடுவோம். களைத்த கால்கள் பின்னே பாய்வதற்கு ஒரு கணம் தாமதித்தால், பற்ற வேண்டிய தலை அதற்குள் நம் காலடிக்கு வந்துவிடும். கழுத்தை வளைத்த கை தளர்ந்தால் இடுப்பின் திருப்பம் பயனற்றுப் போகும்.

அவ்வாண்டு ஹெல்சிங்கியிலிருந்து இந்தியா கொணர்ந்த பதக்கங்கள் இரண்டே. ஒன்று ஹாக்கிக் குழுவின் பொன், மற்றொன்று இவ்வெண்கலம். நாடு ஹாக்கி வெற்றியைக் கொண்டாடியது, அது தகும். வெண்கலத்தைக் கொண்டாடியவர் கராட் மக்களே. நூற்றுக்கு மேற்பட்ட மாட்டு வண்டிகள் அணிவகுக்க, மேளமும் லேஜிமும் முழங்க, கால்மணி நேரத்தில் கடக்கத்தக்க வழியை ஏழு மணி நேரத்தில் கடந்து ஊர்வலம் சென்றதாம். வீடு வீடாகக் காசு கொடுத்தவர்கள் அன்றோ? பதக்கத்தில் தத்தம் பங்கைக் காண அவர்கள் தெருவில் நின்றதில் வியப்பில்லை.

ஊர்வலம் முடிந்ததும் ஜாதவ் செய்த முதற்பணி நம் நெஞ்சைத் தொடுவது. கோல்ஹாபூரில் குஸ்திப் போட்டிகளை ஏற்பாடு செய்து, தாமும் இறங்கிப் பொருது, திரண்ட பணத்தைக் கொண்டு முதல்வரின் வீட்டை அடகினின்றும் மீட்டுக் கொடுத்தார். ஒலிம்பிக் பதக்கம் பெற்றவர் மீண்டும் மண்ணில் இறங்கிக் கடனுக்காகக் குஸ்தி செய்வதில் இழிவு எதுவும் அவர் காணவில்லை.

1955இல் காவல்துறையில் உதவி ஆய்வாளராகச் சேர்ந்தார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கிற்கு ஆயத்தமான வேளையில் முழங்காலில் அடிபட்டது. அத்துடன் ஒலிம்பிக் வாழ்வு முடிந்தது. இடுப்பைத் திருப்பி எறியும் மல்லனுக்கு முழங்காலே அச்சாணி. காவலர்களுக்கிடையேயான போட்டிகளில் வென்றும், இளையோர்க்குப் பயிற்சி அளித்தும் 27 ஆண்டுகள் பணியாற்றி, உதவி ஆணையராக ஓய்வு பெற்றார். ஓய்வூதியத்திற்காகவும் அவர் அலைய நேர்ந்தது. 1982இல் தில்லியில் ஆசிய விளையாட்டுகள் நடைபெற்றபோது சுடரோட்டத்தில் அவரும் பங்குகொண்டார். நாடு அவரை நினைவுகூர்ந்த அரிய தருணங்களுள் அது ஒன்று. 1984ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 14ஆம் நாள், தம் 58ஆம் வயதில், சாலை விபத்தொன்றில் உயிர் நீத்தார்.

அர்ஜுனா விருது 1961இல் ஏற்பட்டது. அதன்பின் ஜாதவ் 23 ஆண்டுகள் உயிரோடிருந்தார்; விருது வரவில்லை. அவர் மறைந்து 15 ஆண்டுகளுக்கும் மேலான பின்னரே அது அவர் குடும்பத்தாரிடம் சேர்ந்தது. இடையில் 1990களில் மராட்டிய அரசு தன் சிவ சத்திரபதி விருதை அவர் பெயருக்கு வழங்கியது. 2010இல் காமன்வெல்த் விளையாட்டுகளை முன்னிட்டு, தில்லி இந்திரா காந்தி விளையாட்டரங்க வளாகத்து மல்யுத்தக் கூடத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அவ்வழியே பேருந்தில் செல்லும் நம்மவர், பெயர்ப்பலகையில் காணும் ஜாதவ் யாரோ அரசியல்வாதி என்று எண்ணிக் கடந்திருக்கக் கூடும்.

அவருக்குப் பின் தனியொருவராக ஒலிம்பிக் பதக்கம் பெற இந்தியர்க்கு 44 ஆண்டுகள் பிடித்தன. 1996இல் அட்லாண்டாவில் டென்னிஸில் வெண்கலம் வென்ற லியாண்டர் பயஸ், இளமையில் நம் சென்னையில் பயிற்சி பெற்றவர். குஸ்தியில் அடுத்த பதக்கம் 2008இல் பெய்ஜிங்கில் சுசீல் குமாரால் வந்தது. மராட்டியத்திற்கோ 72 ஆண்டுகள் காத்திருப்பு. 2024இல் பாரிசில் துப்பாக்கி சுடுதலில் வெண்கலம் பெற்ற சுவப்னில் குசாலேயும், ஜாதவ் பயின்று பொருத அதே கோல்ஹாபூர் மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்தவரே.